கனியும் மருந்தும்

தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். அச்செயலிலே நாம் வழிவழியாக வியந்து வந்தது கனியின் ஆற்றலையன்று, கொடுத்தவனுடைய உள்ளத்தையே. ஆயின் இக்காலத்திலே அந்நெல்லிக்கனி வேறொரு கோலத்தில் எம்மிடம் வந்து சேர்கின்றது. சாறாகப் பிழியப்பட்டு, போத்தலில் அடைக்கப்பட்டு, புற்றுநோயை வேரறுக்கும் என்னும் விளம்பரத்துடன் விலைக்கு வருகின்றது. ஈகைக்கு அடையாளமாய் நின்ற கனி வாணிகத்துக்கு அடையாளமாயிற்று.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்களுக்கும், இன்று கல்லூரியிலே பயிலும் இளைஞர்களுக்கும், உடனாசிரியர்களுக்கும் இப்பொருள் பற்றிச் சில கூற விழைகின்றோம். தமிழாசிரியர் ஒருவர் விஞ்ஞானத்திலே தலையிடுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். ஒரு வாக்கியம் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை என ஆராய்வது எம் தொழில். ‘பரிசோதனைச்சாலையிலே புற்றுக் கலங்களை அழித்தது’ என்னும் வாக்கியத்தைப் ‘புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என மாற்றி உரைப்போர் விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி மொழிக்கும் தீங்கு செய்கின்றனர். மொழியிலே செய்யப்படும் அத்தீங்கு ஈற்றிலே ஏழையின் உடம்பிலே போய் முடிகின்றது. ஆதலின் பேசாதிருத்தல் எமக்கு அறமாகத் தோன்றவில்லை.

நாம் வாழும் கொடகவெலப் பகுதி கனிவளத்திற் குறைந்ததன்று. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பெருவீதியின் இருமருங்கும், தேயிலையும் இறப்பரும் பரந்த தோட்டங்களின் ஓரங்களிலே பலாவும் வாழையும் பப்பாசியும் கொய்யாவும் அன்னாசியும் வளர்கின்றன. பருவத்திலே றம்புட்டானும் தூரியானும் சந்தைக்கு வருகின்றன. இவற்றுள்ளே சிங்களத்திற் ‘கட்டு அனோதா’ என்றும் தமிழில் முட்சீத்தா என்றும் வழங்கும் பழமே அண்மைக் காலத்திற் பெரும்புகழ் எய்தியது. அதன் பழம் மட்டுமன்றி இலையும் புற்றுநோய்க்கு மருந்தென்று வாய்வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் செய்தி பரவியது. லயத்து வீடுகளிலே அவ்விலையை அவித்துக் குடிப்போரை நாம் கண்டிருக்கின்றோம்.

இப்புகழுக்கு அடிப்படையாய் உள்ள சோதனைகள் யாவை என முதலில் நோக்குவோம். நாம் உட்கொள்ளும் ஒட்சிசன் உடலிலே பயன்படும்பொழுது, நிலையற்ற சில துகள்கள் தோன்றுகின்றன. அவை ‘சுயாதீன மூலிகங்கள்’ எனப்படும். அவை அளவுக்கு மிஞ்சினாற் கலத்தின் உள்ளுறுப்புகளுக்கு ஊறு செய்யும். மூப்புக்கு இவையே காரணமாகலாம் என்னும் கொள்கையை அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒட்சியேற்றம் என்பது எம்மவர்க்குப் புதிதன்று. கசக்கிய கொழுந்து தொழிற்சாலைத் தட்டிலே செம்பு நிறம் பெறுவதும், வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதும் அதனாலேயாம். வெட்டிய வாயிலே தேசிக்காய்ச் சாறு தடவினாற் கறுப்பு ஏறுவது தாமதிக்கின்றதன்றோ? அவ்வாறு தடுக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் சி, விற்றமின் ஈ, பீற்றா கரோட்டின், தேயிலையிலும் பழத்தோலிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் முதலியன இவ்வகையைச் சார்ந்தன.

ஒரு சாற்றுக்கு இவ்வாற்றல் உண்டோ எனக் காண்பதற்கு மார்ஸ்டன் புளோயிஸ் என்பார் 1958இல் ஓர் எளிய சோதனையை வகுத்தார். ஊதா நிறக் கரைசல் ஒன்றிலே சாற்றை இடுவர். கரைசல் மஞ்சளாக மாறுமாயின் சாறு வலிமையுடையதெனக் கொள்வர். புற்றுக் கலங்களைக் கொண்டு செய்யும் சோதனையும் பெரும்பாலும் நிறம் பார்ப்பதே. கண்ணாடித் தட்டிலே வளர்க்கப்பட்ட கலங்கள் உயிரோடு இருப்பின், இடப்பட்ட மஞ்சட் சாயத்தை ஊதாவாக்கும், இறந்துபடின் ஆக்கா. இம்முறை 1983இல் வகுக்கப்பட்டது. இவ்வகைச் சோதனைகளிலே பயன்படும் ‘ஹீலா’ என்னும் கலவழி, 1951இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே புற்றுநோயால் இறந்த ஹென்றியற்றா லாக்ஸ் என்னும் பெண்மணியின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் வளர்ந்து வருகின்றது.

இவை இழிவான சோதனைகள் என்று நாம் கூறோம். கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பிறவிடங்களிலும் எம் நாட்டு மூலிகைகளையும் கனிகளையும் இவ்வாறு ஆராய்வோர் நற்பணியே செய்கின்றனர். எங்கே தோண்டினால் நீர் கிடைக்கக்கூடும் எனக் காட்டுவது இச்சோதனையின் பயன். குறிபார்த்த இடத்திலேயே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவன் தாகம் தீரான். கண்ணாடித் தட்டிலே சாராயத்தை ஊற்றினாலும் புற்றுக் கலம் சாகும். சவர்க்கார நீரை ஊற்றினாலும் சாகும். உண்ட பொருள் வயிற்றிலே செரித்து, ஈரலிலே மாற்றமுற்று, குருதியிற் கலந்து, நோயுற்ற இடத்தை வேண்டிய அளவிலே அடைந்து, நல்ல கலத்தை விட்டுத் தீய கலத்தை மட்டும் தாக்க வேண்டும். இத்தனை வாயில்களையும் கடந்த பின்னரே அது மருந்தெனப்படும். தட்டிலே ஊற்றும் செறிவில் ஒரு பகுதிதானும் குருதியை எட்டாமற் போதல் பெரும்பான்மை.

மனிதரிடத்திலே செய்த பெருஞ்சோதனைகள் கூறுவது யாது? பழமும் காய்கறியும் மிகுதியாக உண்போரிடம் சில புற்றுநோய்கள் குறைவாகத் தோன்றுவதைக் கண்ட அறிஞர், அவற்றிலுள்ள பீற்றா கரோட்டினைக் குளிகையாகக் கொடுத்தால் நன்மை விளையும் என எண்ணினர். பின்லாந்திலே புகைப்பழக்கமுள்ள 29,133 ஆடவரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டின் உண்டோரிடையே நுரையீரற் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலே 18,314 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்விலே பீற்றா கரோட்டினும் விற்றமின் ஏயும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அங்கே நோய் 28 சதவீதம் கூடியமையால், 1996இல் அவ்வாய்வு இடைநிறுத்தப்பட்டது. நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் போன்ற பேரறிஞரே விற்றமின் சி புற்றுநோயாளருக்கு ஆயுளை நீட்டும் என வாதிட்டார். மாயோ மருத்துவ நிலையத்தார் 1979இலும் 1985இலும் வெளியிட்ட ஆய்வுகள், வாயால் உட்கொள்ளும் விற்றமின் சியினால் அப்பயன் இல்லை என்று காட்டின. கனியாக உண்டபொழுது நன்மையோடு சேர்ந்து காணப்பட்ட பொருள், பிரித்தெடுத்துத் திரட்டி ஊட்டியபொழுது அந்நன்மையைத் தரவில்லை. சிலருக்குத் தீமையும் தந்தது.

முட்சீத்தாவின் கதை இன்னும் எச்சரிக்கை தருவது. கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவிலே, பாக்கின்சன் நோயை ஒத்த ஒருவகை நரம்புநோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை 1999இல் வைத்தியர் வெளியிட்டனர். முட்சீத்தா இனத்துப் பழங்களையும், அவற்றின் இலையை அவித்த நீரையும் அங்குள்ளோர் மிகுதியாக உட்கொள்வதோடு அது தொடர்புடையதாகலாம் எனவும் கூறினர். அத்தாவரத்திலுள்ள அனோனாசின் என்னும் பொருள் நரம்புக் கலங்களைக் கொல்ல வல்லதெனப் பின்னர் காணப்பட்டது. தட்டிலே புற்றுக் கலத்தைக் கொல்லும் சாறு மூளைக் கலத்தை மட்டும் தழுவிக்கொள்ளும் என எதிர்பார்ப்பது பேதைமையன்றோ? எப்பொழுதாவது ஒரு துண்டு பழம் உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. நாடோறும் இலையை அவித்துக் குடித்தல் வேறு. காமரங்காப் பழத்தின் சாற்றை வெறுவயிற்றிலே மிகுதியாக அருந்திச் சிறுநீரகம் பழுதுற்றோரை எம் நாட்டு வைத்தியர்களே பதிவு செய்துள்ளனர். இயற்கையானது எனின் தீங்கற்றது என்னும் எண்ணம், எட்டிக்காயும் அலரிவிதையும் விளையும் நாட்டிலே எவ்வாறு வேரூன்றியதோ அறியோம்.

நாட்டு மருத்துவத்தை இகழ்வதற்கு இவற்றைக் கூறுகின்றோமல்லோம். தாவரத்திலே புற்றுநோய்க்கு மருந்து இல்லை என்பாருக்கு எம் கோயில் நந்தவனமே மறுமொழி கூறும். பூசைக்கு மலர் கொய்யும் நித்தியகல்யாணிச் செடியின் இலையைக் கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்திலே ஆராய்ந்த றொபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் 1958இல் வின்பிளாஸ்ரீன் என்னும் மருந்துப் பொருளை வெளிக்கொணர்ந்தனர். அதனைத் தொடர்ந்து வின்கிறிஸ்ரீன் என்பதும் கிடைத்தது. குழந்தைகளைப் பீடிக்கும் குருதிப் புற்றுக்கு அது இன்றும் இன்றியமையாத மருந்து. ஆயினும், பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிராம் அளவே பெறப்படும் அம்மருந்தை, எடைக்கேற்ப அளந்து, குருதிக் குழாயிலே செலுத்தி, ஒவ்வொரு முறையும் குருதியைச் சோதித்து வைத்தியர் வழங்குகின்றனர். அளவு தவறின் அதுவே நஞ்சாம். நித்தியகல்யாணி இலையை வீட்டிலே அவித்துக் குடிப்பவர் அம்மருந்தைக் குடிப்பவராகார். தாவரம் மருந்தாகும் வழி இதுவே. போத்தலிலே ஒட்டும் வண்ணக் கடதாசி அவ்வழியன்று.

இனி எம் மாகாணத்துக்கு வருவோம். சப்ரகமுவ மாகாணத்திலே 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாயைச் சோதித்து, ஹேமந்த அமரசிங்க, சமன் வர்ணகுலசூரிய முதலிய அறிஞர் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. புற்றாக மாறக்கூடிய வாய்நோய்கள் 11.3 சதவீதமானோரிடம் இருக்கின்றன என அவர்கள் கணித்தனர். நாடோறும் வெற்றிலை மெல்வோருக்கு, மெல்லாதாரினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆபத்து உண்டெனவும் கண்டனர். அவர்களே 2013இல் உணவு பற்றியும் எழுதினர். பீற்றா கரோட்டின் உள்ள பழத்தையும் காய்கறியையும் நாடோறும் இரண்டு பங்குக்கு மேல் உண்போரிடம் இந்நோய்கள் குறைவாகக் காணப்பட்டன. இரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்குக. உணவாக உண்ணும் பப்பாசியும் மாம்பழமும் கீரையும் எமக்குத் துணை செய்யக்கூடும். வெற்றிலைச் சுருளோ அத்துணையை நாடோறும் முறியடிக்கின்றது.

பாக்கும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஊகமன்று. புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுவிளைவிக்கும் பொருளென உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இலேயே வகுத்தது. புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும், பாக்குத் தனித்தும், புற்றுவிளைவிப்பனவே என 2004இல் அது வெளியிட்டது. இலங்கையில் ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்ததென உலகச் சந்தையிலே புகழப்படும் தேயிலையைத் தம் கையாற் கொய்து, நாளுக்குப் பன்முறை தேநீரும் பருகும் தோட்ட மக்கள், அதே வாயிலே பாக்கையும் புகையிலையையும் அடக்கி வைத்திருக்கின்றனர். தேநீர் அவர்களைக் காக்கவில்லை. போத்தற் சாறும் காவாது.

எம் பகுதித் தோட்டமொன்றிலே கொழுந்து பறித்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த தாயொருத்தியை நாம் அறிவோம். கன்னத்தின் உட்புறத்திலே வெள்ளைத் தழும்பொன்று தோன்றி, பின்னர் அது புண்ணாயிற்று. நோவில்லாமையால் அவள் பொருட்படுத்தவில்லை. உறவினர் ஒருவர் கனிச்சாறு ஒன்றைப் பரிந்துரைத்தார். காதிற் கிடந்த தோடு அடகுக்குப் போயிற்று. மாதங்கள் கழிந்தன. ஈற்றிலே மகரகம வைத்தியசாலைக்கு அவளை அழைத்துச் சென்றபொழுது நோய் கழுத்துக் கணுக்களை எட்டியிருந்தது. அங்கே சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கப்படவில்லை. பணத்தை வாங்கியது, பயன் தராத போத்தல். காலத்தை வாங்கியதும் அதுவே. பணத்தை மீட்டுக்கொள்ளலாம், இழந்த மாதங்களை மீட்பவர் யார்?

‘நம்பிக்கையும் ஒரு மருந்தன்றோ? அதனை ஏன் பறிக்கின்றீர்?’ என எம்மைக் கேட்போர் உளர். நம்பிக்கையை நாம் மதிக்கின்றோம். கோயிலிலே நேர்த்தி வைப்பவரை வைத்தியசாலைக்குப் போகாதே என எக்கடவுளும் தடுப்பதில்லை. ஆயின் விற்பனையாளன் தரும் நம்பிக்கை, பெரும்பாலும் வைத்தியரிடம் செல்லும் காலை ஒத்திவைக்கச் செய்கின்றது. கதிர்ச் சிகிச்சை கலத்தைத் தாக்குவது ஒட்சியேற்றத்தின் துணையோடாதலின், அச்சிகிச்சைக் காலத்திலே ஒட்சியேற்ற எதிரிகளைக் குளிகையாகவோ செறிந்த சாறாகவோ பெருமளவில் உட்கொள்ளுதல் இடையூறாகலாம் என வைத்தியர் எச்சரிப்பதும் உண்டு. ‘வைத்தியசாலைக்கு ஏழை செல்ல அஞ்சுகின்றான், அங்கே அவன் மொழி பேசப்படுவதில்லை’ என்பாரும் உளர். இது மெய்யான குறை. மொழி அறியாது திகைத்து நின்று திரும்பி வந்தோரை நாமும் கண்டோம். போத்தல் விற்பவனோ தமிழிலே பேசுகின்றான், வீட்டுக்கே வருகின்றான், ‘அம்மா’ என அழைக்கின்றான். அவனை வெல்ல விரும்புவோர் அவனைப்போலவே வீட்டுக்குச் சென்று, அவர்கள் மொழியிலே பேச வேண்டும்.

இங்கேயே எம் பழைய மாணவர்க்குக் கடமை பிறக்கின்றது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலே 1996இல் ஓர் ஆய்வு தொடங்கியது. வைத்தியரல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதோறும் சென்று, மூன்று ஆண்டுக்கொருமுறை மக்களின் வாயை ஒளியிலே நோக்கினர். ஐயத்துக்குரியோரை வைத்தியரிடம் அனுப்பினர். 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு மூன்றிலொரு பங்களவு குறைந்திருந்தது. அரிய கருவி வேண்டியிருக்கவில்லை. கண்ணும் ஒளியும் பயிற்சியுமே வேண்டியிருந்தன. எமது பகுதிக்கு இதனினும் பொருத்தமான வழியொன்று உண்டோ?

ஆதலின் சில கருத்துகளை முன்வைக்கின்றோம். விழாவையொட்டி நிகழும் கலைநிகழ்ச்சிகளோடு, இரத்தினபுரி போதனா வைத்தியசாலையின் பல்வைத்தியரை வேண்டி, தோட்ட மக்களுக்கு வாய்ச் சோதனை நாள் ஒன்றையும் பழைய மாணவர் சங்கம் நடத்துக. வைத்தியத் துறையிலும் தாதியர் பணியிலும் உள்ள எம் பழைய மாணவர், மக்கள் மொழியிலே விளக்கத் துண்டுப்பிரசுரங்களை எழுதுக. நடை பார்த்துத் திருத்தித் தரும் பணியை நாம் ஏற்கின்றோம். ஆறாத புண், வெள்ளை அல்லது செந்நிறத் தழும்பு, வாய் திறக்க இயலாமை, காரம் பட்டால் எரிவு ஆகியன இரண்டு கிழமைக்கு மேல் இருப்பின் உடனே வைத்தியரை நாடுமாறு ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டாருக்கு உரைப்பானாக.

மங்கல காரியங்களிலே வெற்றிலை பாக்கு வைப்பது எம் மரபு. அம்மரபை ஒழிக்குமாறு நாம் கூறவில்லை. தாம்பூலம் தட்டிலே இருக்கட்டும். தெய்வத்தின் முன்னே இருக்கட்டும். வாயிலே நாள் முழுதும் இருக்க வேண்டா. பழத்தட்டும் அத்தட்டின் அருகிலேயே இருக்கின்றது. மங்கலத்துக்கு வந்தோர் பாக்கை விடுத்துப் பழத்தை எடுப்பாராயின் மரபும் நிலைக்கும், உடலும் நிலைக்கும்.

கல்லூரி வளவிலும் லயத்து முற்றங்களிலும் பப்பாசி, கொய்யா, நெல்லி, மா ஆகியவற்றை நடுதல் எளிது. நாளொன்றுக்குப் பழமும் காய்கறியுமாக 400 கிராம் உண்ணுமாறு உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி பெறும் குடும்பத்துக்குக் கடைப்பழம் எட்டாதிருக்கலாம். முற்றத்துப் பழம் எட்டும். ஒரு போத்தற் சாற்றுக்குக் கொடுக்கும் பணத்திலே பல கன்றுகள் வாங்கலாம். அவை காய்க்கும்பொழுது குழந்தைகள் கேட்டுண்பர். எஞ்சியதை அயலார் உண்பர்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் உண்டு. மருந்தின் பெயர்களைத் தேடி அதனைப் புரட்டுவோர் ஏமாற்றமடைவர். அளவறிந்து உண்ணுதலையும், நோயின் முதலை ஆராய்தலையுமே வள்ளுவர் அங்கே வலியுறுத்துகின்றார். எம் மாகாணத்து வாய்ப்புற்றின் முதல் எதுவென அறிஞர் ஆராய்ந்து கூறிவிட்டனர். அதனைக் களைதல் எம் பொறுப்பு. நெல்லிக்கனியைப் பிறர்க்கு ஈந்த மன்னனை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே புகழ்கின்றோம். எமக்குக் கிடைத்த அறிவாகிய கனியை லயத்திலுள்ள உறவினர்க்கு ஈயாது நாமே வைத்திருப்போமாயின், அப்புகழ்ச்சிக்கு என்ன பொருள்?